‘செருகினால் போதும்’ என்பவர்களுக்கு

நெட்வொர்க் வேலையில் இருப்பவர்களிடம் ஸ்டாக்கில் ஒரு ஸ்விட்ச் சேர்ப்பது எப்படி என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் ஒரே பதில்தான் சொல்வார்கள்: “அதுக்கென்ன சார், ஹாட் ஸ்வாப். கேபிளைச் செருகினா தானா சேர்ந்துக்கும். வேண்டாம்னா உருவிட்டா மத்த ஸ்விட்ச் பார்த்துக்கும்.” விற்பனைக்கு வருபவர் இதைச் சொல்கிறார். பயிற்சி வகுப்பில் இதைச் சொல்கிறார்கள். சீனியர், ரேக்கின் முன்னால் நின்றுகொண்டு ஜூனியருக்கு இதையே சொல்லிக்கொடுக்கிறார். முழுப் பொய்யாக இருந்தால் இந்தக் கருத்து எப்போதோ செத்துப்போயிருக்கும். பாதி உண்மையாக இருப்பதால்தான் இருபது ஆண்டுகளாக உயிரோடு இருக்கிறது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு மீதியை மறைப்பதைத்தான் நான் மறுக்கிறேன்.

இந்தத் துறையில் இல்லாத வாசகருக்கு ஒரு விளக்கம். ஓர் அலுவலகத் தளத்தில் இருநூறு கணினி, தொலைபேசி, வைஃபை பெட்டிகள் இருந்தால் நாற்பத்தெட்டு போர்ட் கொண்ட ஸ்விட்ச் ஒன்று போதாது, நாலைந்து வேண்டும். அவற்றைத் தனித்தனியாக நிர்வகிக்காமல், பின்புறத்தில் தனிக் கேபிள்களால் வளையமாக இணைத்து, ஒரே ஸ்விட்ச் போல நடந்துகொள்ளச் செய்வதுதான் ஸ்டாக். சிஸ்கோ நிறுவனம் 2003-இல் கேட்டலிஸ்ட் 3750 வரிசையோடு ஸ்டாக்வைஸ் என்ற பெயரில் இதைப் பரவலாக்கியது. ஒன்பது பெட்டிகள் வரை கோக்கலாம். வளையத்தின் வேகம் விநாடிக்கு 32 கிகாபிட். இன்று பல அலுவலகங்களில் ஓடும் 9300 வரிசையில் எட்டுப் பெட்டிகள், 480 கிகாபிட். வேகம் எவ்வளவோ ஏறிவிட்டது. அடிப்படை ஏற்பாடு அப்படியே இருக்கிறது. எத்தனை பெட்டிகள் இருந்தாலும் மூளை ஒன்று. அந்த மூளையாக இருக்கும் பெட்டியைப் பழைய வரிசைகளில் மாஸ்டர் என்றார்கள், புதியவற்றில் ஆக்டிவ் என்கிறார்கள். கட்டமைப்பு ஒன்று, நிர்வாக ஐபி முகவரி ஒன்று, வெளியுலகுக்குக் காட்டும் மேக் முகவரி ஒன்று.

மூளை ஒன்றுதான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு ‘செருகினால் போதும்’ என்பதைக் கேளுங்கள். செருகப்படும் பெட்டிக்கு மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்று அந்த வாக்கியம் சொல்வதில்லை. எல்லாம் அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

புதிய ஸ்விட்சை அணைத்த நிலையில் கேபிள்களில் கோத்து, அதன்பின் மின்சாரம் கொடுத்தால், அது எழும்போதே ஏற்கெனவே ஒரு தலைமை இருப்பதைப் பார்க்கிறது. தலைமையைத் தீர்மானிக்கும் அதன் முன்னுரிமை எண் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் போட்டிக்கு நிற்பதில்லை. உறுப்பினராகச் சேர்ந்து, ஸ்டாக்கின் கட்டமைப்பை வாங்கிக்கொள்கிறது. ஹாட் ஸ்வாப் என்ற பெருமைக்கு உரியது இந்த வழிதான். மாறாக, தனியாக எழுந்து ஓடிக்கொண்டிருக்கும் ஸ்விட்சைக் கொண்டுபோய்ச் செருகினால் நடப்பது சேர்ப்பு இல்லை, இணைப்பு. தனியாக ஓடும் ஸ்விட்ச் என்பது ஒரே உறுப்பினரைக் கொண்ட ஒரு ஸ்டாக்; அதற்கும் ஒரு தலைமை உண்டு, அது தானேதான். இப்போது இரண்டு தலைமைகள் நேருக்கு நேர் நிற்கின்றன. அணைந்து வரும் பெட்டி பந்திக்கு வந்த விருந்தாளி, போட்ட இலையில் உட்காரும். எரிந்துகொண்டு வரும் பெட்டி பரிவாரத்தோடு வந்த சம்பந்தி, இங்கே யார் பெரியவர் என்று முதலில் கேட்கும். கேட்டால் தேர்தல். தேர்தலில் தோற்ற தரப்பின் பெட்டிகள் அத்தனையும் ரீலோட் ஆகி, அதாவது அணைந்து மறுபடி தொடங்கி, வென்றவரின் கட்டமைப்பை ஏற்றுக்கொண்டு எழும். 3750-இன் கையேட்டிலேயே இது அச்சிட்டிருக்கிறது. ஒன்று வந்து நான்கோடு மோதினால் நான்குதான் வெல்லும் என்று எந்த விதியும் இல்லை. பெட்டிகளின் எண்ணிக்கைக்கு இந்தத் தேர்தலில் மதிப்பே கிடையாது.

இங்கேதான் அனுபவசாலிகள் குறுக்கிடுவார்கள். “நான் எத்தனையோ தடவை ஓடுற ஸ்விட்சையே செருகியிருக்கேன், ஒண்ணும் ஆகல.” உண்மையாகத்தான் சொல்கிறார்கள். ஒன்றும் ஆகாததற்கு என்ன காரணம் என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை என்பதே என் புகார்.

முன்னுரிமை எண் 1 முதல் 15 வரை. அட்டைப்பெட்டியிலிருந்து பிரித்த புது ஸ்விட்சில் அது 1. ஓரளவு கவனமாக அமைத்த ஸ்டாக்கில் தலைமைப் பெட்டிக்கு 15 கொடுத்திருப்பார்கள். புதுப் பெட்டியை மின்சாரத்தோடு செருகினால் 15-க்கும் 1-க்கும் தேர்தல், புதியது தோற்கிறது, தான் மட்டும் ரீலோட் ஆகி ஒழுங்காக வந்து சேர்கிறது. பார்ப்பவருக்கு, செருகினோம், கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது, சேர்ந்துவிட்டது என்று தெரிகிறது. பத்து முறை இப்படி நடந்தால் அதுவே விதியாகிவிடுகிறது. பதினொன்றாவது முறை வரும் பெட்டி கடையிலிருந்து வருவதில்லை. வேறொரு தளத்தில் கலைத்த ஸ்டாக்கிலிருந்து எடுத்து, ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடந்த உதிரி. அங்கே அது தலைமையாக இருந்தது. அதன் முன்னுரிமையும் 15. இங்கே இருக்கும் ஸ்டாக்கை அமைத்தவர் முன்னுரிமையைத் தொடவே இல்லை என்று வையுங்கள், எல்லாம் 1. உதிரி வெல்கிறது. வேலை நேரத்தில் ஒரு தளமே ரீலோட் ஆகிறது. எழுந்து வரும்போது எல்லாப் பெட்டிகளிலும் இருப்பது அந்த உதிரியின் கட்டமைப்பு: வேறு தளத்தின் வீலான் பிரிவுகள், வேறு ஐபி, அல்லது யாரோ அழித்துவிட்டுப் போன வெற்று. தொலைவிலிருந்து உள்ளே நுழையவும் வழியில்லை. கன்சோல் கேபிளோடு ரேக்குக்கு ஓட வேண்டும்.

உதிரியைச் சேர்ப்பதற்கு முன்னால் அதன் கட்டமைப்பை அழித்துவிட்டோம், அதனால் பயமில்லை என்பதும் அடிக்கடி காதில் விழும் வாதம். கட்டமைப்பை அழிக்கும் வழக்கமான கட்டளை ஸ்டாக்கில் அதற்கு இருந்த உறுப்பு எண்ணையும் முன்னுரிமையையும் தொடுவதில்லை. அவை வேறு இடத்தில் சேமிக்கப்படுகின்றன. அதாவது, ‘அழித்த’ உதிரி வெறுமையாகவும் அதிகாரத்தோடும் வருகிறது. அழிக்காத உதிரியைவிட இது மோசம் என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் கையிலெடுப்பவருக்கு அது சுத்தமான பெட்டி என்ற நிம்மதி இருக்கிறது.

முன்னுரிமையால் இதைத் தடுக்கலாமே என்றால், ஓரளவு தடுக்கலாம். தலைமைக்கு 15, அதற்கு மாற்றாக வரவேண்டியதற்கு 14, மற்றவற்றுக்கு அதற்கும் கீழே என்று வைப்பது நல்ல பழக்கம். நானும் அதையே சொல்வேன். ஆனால் அதைக் காப்பீடாக நினைப்பவர்கள் இரண்டை மறக்கிறார்கள். முதலாவது, வருகிற பெட்டியும் 15 என்றால் அடுத்தடுத்த விதிகளுக்குப் போய், கடைசியில் எந்தப் பெட்டியின் மேக் முகவரி சிறியது என்பது வரை தேர்தல் நீளலாம். உங்கள் வங்கிக் கிளையின் நெட்வொர்க் தொழிற்சாலையில் அச்சிட்ட ஓர் எண்ணை நம்பி நிற்பதை யார் விரும்புவார்கள்? இரண்டாவது, முன்னுரிமையை மாற்றினால் அது உடனே ஆட்சியை மாற்றாது. அடுத்த தேர்தல் வரை காத்திருக்கும். ‘15 கொடுத்துவிட்டேன், இனி இதுதான் தலைமை’ என்று எழுதி வைத்துவிட்டுப் போன பெட்டி இன்னமும் சாதாரண உறுப்பினராகவே இருக்கலாம். போய்ப் பாருங்கள், ‘ஷோ ஸ்விட்ச்’ என்று அடித்தால் யார் யார் என்று தெரிந்துவிடும்.

சேர்ப்பதைவிட எடுப்பது சுலபம் என்ற நம்பிக்கை இன்னும் ஆபத்தானது. ‘உருவினால் மற்றவை பார்த்துக்கொள்ளும்’ என்பதில் வளையம் வளையமாக இருக்கிறது என்ற அனுமானம் ஒளிந்திருக்கிறது. வளையத்தில் ஓர் இடம் அறுந்தால் அது சங்கிலியாகிவிடும்; வேகம் பாதியாகும், ஸ்டாக் மட்டும் ஒன்றாகவே இருக்கும். பயனர் யாரும் புகார் சொல்லமாட்டார்கள். அதுதான் சிக்கலே. ஸ்டாக் கேபிளின் முனையில் உள்ள திருகு சரியாக முறுக்கப்படாமல், ரேக்கில் வேறு வேலை செய்தவரின் கை பட்டுத் தளர்ந்து, மாதக்கணக்காகப் பாதி வளையத்தில் ஓடும் ஸ்டாக்குகள் அபூர்வமல்ல. அந்த நிலையில் நடுவிலிருக்கும் ஒரு பெட்டியை உருவினால் ஸ்டாக் இரண்டாகப் பிளக்கும்.

பிளந்தால் என்ன என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் ஸ்டாக்கில் வரக்கூடிய கோளாறுகளிலேயே கண்டுபிடிக்கக் கடினமானது இது. தலைமை இருக்கும் பாதி வழக்கம்போல ஓடுகிறது. தலைமையை இழந்த பாதி தனக்குள் ஒரு புதுத் தலைமையைத் தேர்ந்துகொள்கிறது. கட்டமைப்பு எல்லா உறுப்பினர்களிடமும் நகலாக இருப்பதால் இரு பாதிகளும் அதே ஐபி முகவரியோடு, அதே பெயரோடு எழுகின்றன. மேலே இருக்கும் கோர் ஸ்விட்சுக்குப் போகும் அப்லிங்க்குகளை இரண்டு பெட்டிகளில் பிரித்து ஈதர்சேனல் என்ற ஒரே கூட்டு இணைப்பாகக் கட்டியிருப்பீர்கள். நல்ல வடிவமைப்பு அதுதான். பழைய மேக் முகவரியையே பிடித்து வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் இருந்தால், கோர் ஸ்விட்சின் கண்ணுக்கு இரு பாதிகளும் இன்னும் ஒரே ஆள். இந்தப் பாதிக்கு வரவேண்டியதை அந்தப் பாதிக்கு அனுப்பும். சிலருக்கு வேலை செய்யும், சிலருக்குச் செய்யாது. பிங் போகும், கோப்பு திறக்காது. நிர்வாகி உள்ளே நுழைந்து பார்த்தால் எந்தப் பாதியில் நுழைந்தார் என்பதே அவருக்குத் தெரியாது. நன்றாக வடிவமைத்த ஸ்டாக்தான் இப்படிப் பிளக்கும்போது அதிகமாகக் குழப்பும்.

‘பார்த்துக்கொள்ளும்’ என்பது உண்மையானால் இதற்கான தடுப்புகளை உற்பத்தியாளர்கள் ஏன் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்? எச்3சி, எச்பி ஸ்விட்சுகளின் ஐஆர்எஃப் ஏற்பாட்டில், ஸ்டாக் பிளந்து இரு தலைமைகள் முளைத்தால் கண்டுபிடித்து ஒரு பாதியின் போர்ட்டுகளை மூடுவதற்கென்றே தனி வசதி இருக்கிறது. பத்துப் பெட்டிகள் வரை இணைத்த ஜூனிப்பர் இஎக்ஸ் 4200-இன் விர்ச்சுவல் சேசிஸிலும் பிளவைக் கண்டறியும் ஏற்பாடு உண்டு. அதிலும் இரண்டே பெட்டிகள் என்றால் அந்த ஏற்பாட்டை அணைத்து வையுங்கள் என்று ஜூனிப்பரே பரிந்துரைக்கிறது, இல்லாவிட்டால் ஒன்று செத்தால் உயிரோடிருக்கும் மற்றதும் ஒதுங்கிக்கொள்ள நேரலாம். அதே ஜூனிப்பரில் முன்கூட்டியே பதிவு செய்யும் முறை ஒன்று உண்டு: எந்தெந்த வரிசை எண் கொண்ட பெட்டிகள், எந்தப் பொறுப்பில் சேரலாம் என்று கட்டமைப்பிலேயே எழுதிவிடலாம். பட்டியலில் இல்லாத பெட்டியைச் செருகினால் உறுப்பினராக ஏற்காது. தானாகச் சேர்ந்துகொள்வது ஆபத்தில்லாத வசதி என்றால் இந்தப் பூட்டு தேவைப்பட்டிருக்காது.

எடுக்கப்படுவது தலைமைப் பெட்டியாக இருந்தால் இன்னொரு விஷயம். 3750 போன்ற பழைய வரிசைகளில் ஸ்டாக்கின் மேக் முகவரி என்பது மாஸ்டரின் மேக் முகவரி. அதைப் பிடித்து வைக்கும் ஏற்பாடு அங்கே இயல்பாக அணைந்தே இருக்கும். மாஸ்டரை உருவினால் முகவரி மாறும். முகவரி மாறினால், நெட்வொர்க்கில் தரவு சுழன்றுகொண்டே இருக்காமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயைப் பொறுத்தவரை பழைய ஸ்விட்ச் மறைந்து புதியது வந்திருக்கிறது. கணக்கை மறுபடி போடும். ஈதர்சேனல்கள் விழுந்து எழும். பெட்டி ஒன்றைத்தானே எடுத்தோம் என்பார்கள். நெட்வொர்க்கின் பார்வையில் ஒரு ஸ்விட்சையே மாற்றியிருக்கிறார்கள்.

முகவரியைப் பிடித்து வைத்தால் வேறொரு பொறி. எடுத்த பெட்டியை வீணாக்க மனம் வராமல் அடுத்த தளத்தில் மாட்டி ஓடவிடுவார்கள். அதன் சொந்த மேக் முகவரியை ஸ்டாக் இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கும். ஒரே நெட்வொர்க்கில் ஒரே முகவரி இரண்டு இடங்களில். அந்தப் பெட்டி ஸ்டாக்கின் முழுக் கட்டமைப்பையும் வயிற்றில் சுமந்துகொண்டு போயிருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அதே நிர்வாக ஐபி, அதே கடவுச்சொற்கள். பழைய பொருள் வியாபாரியிடம் போனாலும் அப்படியேதான் போகும்.

உறுப்பு எண் விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்டாக்கில் மூன்றாவது உறுப்பு பழுதாகிவிட்டது. அதன் போர்ட் கட்டமைப்பு ஸ்டாக்கிடம் பத்திரமாக இருக்கிறது. அதே மாடலில் மாற்றுப் பெட்டிக்கு எண் 3 கொடுத்து, அணைத்து, கோத்து, எழுப்பினால் பழைய வேலையைத் தொடரும். யாரும் எதையும் தட்டச்சு செய்ய வேண்டாம். இது உண்மையிலேயே அழகான வசதி, ஸ்டாக்கின் ரசிகர்கள் பெருமைப்படட்டும். ஆனால் மாற்றாக வந்த உதிரி முந்தைய இடத்தில் 6-ஆம் எண்ணில் இருந்ததென்றால் இங்கும் 6 ஆகவே சேரும். மூன்றுக்கான கட்டமைப்பு ஆளில்லாமல் கிடக்க, புதிய பெட்டியின் போர்ட்டுகள் எல்லாம் வெறுமையாக நிற்கும். தொலைபேசிக்கு வீலான் இல்லை, சிசிடிவிக்கு இல்லை. ‘சேர்ந்துகொண்டதே, பச்சை விளக்கு எரிகிறதே’ என்பார் செருகியவர். மென்பொருள் பதிப்பு ஒத்துப்போகாவிட்டால் அந்தச் சேர்க்கைகூட நடக்காது. பொருந்தாத உறுப்பினர் என்று ஓரமாக நிறுத்திவிடும். புதிய வரிசைகளில் தானாகப் பதிப்பைச் சமன்செய்யும் வசதி இருக்கிறது, ஆனால் மென்பொருளை நிறுவிய முறை அதற்கேற்றதாக இருக்க வேண்டும்.

சரி, இவ்வளவையும் பார்த்துச் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்? ‘இதுக்கெல்லாம் சேஞ்ச் விண்டோ வாங்கி, ஃபாரம் நிரப்பி, ராத்திரி உட்கார்ந்து செய்ய முடியுமா’ என்ற சலிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. காகிதச் சடங்கு எனக்கும் பிடிக்காது. ஆனால் நான் கேட்பது சடங்கை இல்லை. புதிய பெட்டியை மேசைமேல் வைத்துத் தனியாக எழுப்பி, பதிப்பு, எண், முன்னுரிமை மூன்றையும் பார்த்துச் சரிசெய்து, அணைத்துவிடுங்கள். ஸ்டாக்கில் போய், வளையம் முழுமையாக இருக்கிறதா என்று எல்லா ஸ்டாக் போர்ட்டுகளையும் பாருங்கள். ஏற்கெனவே ஒன்று அறுந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கட்டமைப்பைச் சேமித்து வெளியே ஒரு நகல் எடுங்கள். பிறகு ஒரே ஓர் இணைப்பை மட்டும் திறந்து, அந்த இடைவெளியில் அணைந்த பெட்டியை இரு பக்கமும் கோத்துவிட்டு மின்சாரம் கொடுங்கள். எடுப்பதென்றால், அந்தப் பெட்டியில் அப்லிங்க் எது, எந்தெந்த வைஃபை பெட்டிகள், தொலைபேசிகள் அதிலிருந்து மின்சாரம் உறிஞ்சுகின்றன என்று பார்த்து மாற்றிவிட்டு, தலைமையாக இருந்தால் பொறுப்பை முதலில் கைமாற்றிவிட்டு, அணைத்து, அதன்பின் கேபிளை உருவி, இரு பக்கத்து அண்டைப் பெட்டிகளையும் உடனே இணைத்து வளையத்தை மூடுங்கள். ஸ்டாக்பவர் கேபிளால் பெட்டிகள் மின்சாரத்தையும் பகிர்ந்துகொண்டால், எடுக்கும் பெட்டியோடு அதன் மின்வழங்கியும் போகிறது என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். பெட்டி எழும் நேரத்தை விட்டுவிட்டால், இதில் கூடுதலாகச் செலவாவது ஒரு தேநீர் இடைவேளை.

எதிர்முனையிலிருந்து ஒரு கூட்டம் கைதட்டுவது கேட்கிறது. ‘அதனால்தான் சொல்கிறோம், ஸ்டாக்கே வேண்டாம். இரண்டு தனி ஸ்விட்சுகளை எம்லேக் முறையில் கட்டுங்கள், ஒவ்வொன்றுக்கும் சொந்த மூளை.’ டேட்டா சென்டரிலும் கோர் மட்டத்திலும் அவர்கள் சொல்வது சரி. ஒன்றின் மென்பொருள் உடைந்தால் மற்றது அதோடு விழாது, ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கலாம். ஸ்டாக்கில் ஒரு மூளையின் தவறு எல்லாப் பெட்டிகளின் தவறு. அதனால் ஸ்டாக்கை ரிடன்டன்சி என்று விற்பவர்களை நானும் நம்புவதில்லை. பெட்டி பழுதாவதற்கு அது மாற்று, மூளை பழுதாவதற்கு அல்ல. ஆனால் ஒரு கல்லூரி விடுதியின் ஒவ்வொரு தளத்திலும் ஐந்து பெட்டிகள் என்றால், ஐந்து நிர்வாக முகவரி, ஐந்து சோடி அப்லிங்க், ஐந்து தனிப் புதுப்பிப்பு என்று பார்த்துக்கொள்ள அங்கே ஆள் இருக்கிறாரா? அந்த இடத்துக்கு ஸ்டாக் நல்ல கருவி. அதைத் தொடும் கை கவனமாக இருக்க வேண்டும், அவ்வளவே.

இதைப் படிக்கும் நெட்வொர்க் நிர்வாகிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஸ்டாக்கைத் தொடும் தேவை வரும் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் ஸ்டோர் ரூமில் கிடக்கும் உதிரி ஸ்விட்சுகளை இந்த வாரமே ஒவ்வொன்றாகத் தனியாக எழுப்பிப் பாருங்கள். முன்னுரிமை 15 என்று காட்டினால் 1 ஆக்குங்கள், எண்ணையும் திருத்துங்கள், கட்டமைப்பை அழியுங்கள், பெட்டியின் மேல் தேதியோடு ஒரு சீட்டு ஒட்டுங்கள். ‘அணைத்த பின் செருகவும்’ என்றும் அதே சீட்டில் எழுதிவிடுங்கள்.